சூப்பர்சார்ஜருக்கு வைத்த பொட்டு

நைனாவுக்கு ஹேமநாதனின் வணக்கம். இடுப்பு வலி குறைந்ததா? எனக்கு ஒன்றுமில்லை, அசதிதான்.

இந்த ஜெர்மனி மியூசியத்தில் நான் பராமரிப்பது, போர்ப் படகில் ஓடிய டீசல் என்ஜின். முதலில் ஆகாயக் கப்பலுக்காக வரைந்த டிசைனாம். பிறகு கடலுக்கு மாற்றி, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரும் பொருத்தினார்களாம். ஆயுத பூஜையன்று, "பொட்டு வெக்காம மெஷின தொடாதடா" என்று தறியருகே நீங்கள் சொல்வது நினைவுக்கு வந்தது. இங்கே அந்த சூப்பர்சார்ஜருக்கும் குங்குமம் வைத்துவிட்டேன். மேலாளர் திட்டவில்லை. "இந்த என்ஜினால் எத்தனை பேர் செத்தார்கள் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நானே துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை என் பெயரிலும் தறிக்கு ஒரு பொட்டு வையுங்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் மலைக்கோயில் விபூதி கொடுத்தனுப்புங்கள்.

பஸ் வந்துவிட்டது. போல்ட் இடுக்கில் மட்டும் கொஞ்சம் சிவப்பு நின்றுவிட்டது, நைனா. தினமும் காலையில் நான் முதலில் பார்க்கும் முகம் அதுதான்.

ஹேமு