தலை நுழையாத மஞ்சள் சட்டை

டூ ஹார்பர்ஸ், மினசோட்டா
24 செப்டம்பர் 1978

அன்புள்ள மார்லிஸ்,

நான் இங்கே நலம். நீயும் உன் அக்கா டொலோரஸும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசினால் நாம் இரண்டு பேரும் அங்கே மழையா, இங்கே காற்றா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. பிரித்ததும் சிரிக்காதே. சிரித்தே ஆகவேண்டும் என்றால் டொலோரஸ் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சிரி. உன் மிஷினில் நானே தைத்த மேல்சட்டை அது. படிக்கட்டுக்குக் கீழே உள்ள அலமாரியில் நீ மடித்து வைத்திருக்கிறாயே மிச்சத் துணிகள், அதில் பச்சைப் பனியன் துணி ஒன்று அகப்பட்டது. கைக்குப் போதவில்லை, அதனால் கை மட்டும் பழுப்பு. துணி வெட்டும் அளவுத்தாள் வைத்த உறைமேல் 'நான்' என்று நீயே எழுதி வைத்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை.

கப்பல்துறையில் வேலை முடிந்து வந்தால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மிஷின் ஓடினால் கொஞ்சம் பரவாயில்லை. பக்கத்து வீட்டு வெர்னா அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நீதான் வந்துவிட்டாய் என்று ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும், "அட, நீயா? கப்பலக் கட்டுற கயித்துக்கு ஓரம் அடிக்கிறியா?" என்று கேட்டாள். போகும்போது நூடுல்ஸும் மீனும் போட்டுச் சுட்ட பதார்த்தம் ஒரு பாத்திரம் நிறைய வைத்துவிட்டுப் போனாள். நான்கு நாளாக அதைத்தான் சாப்பிடுகிறேன்.

கர்ட்டின் கல்லறைக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்த மண் மே மாதம் இளகிய பிறகு புதைத்தோமே, அதற்குள் புல் நன்றாகப் பிடித்துவிட்டது. நம் பிள்ளை கர்ட் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆப்பிள் அறுவடை முடிந்ததும் வருவதாகச் சொன்னாய். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வான்கோழி சொல்லி வைக்கட்டுமா?

உன்
ஆர்விட்


யாக்கிமா, வாஷிங்டன்
8 அக்டோபர் 1978

அன்புள்ள ஆர்விட்,

சட்டை வந்தது. டொலோரஸ் பக்கத்தில் இருக்கும்போதுதான் சிரித்தேன், மன்னித்துக்கொள். இடது கையை முன்பின்னாக வைத்துத் தைத்திருக்கிறாய். கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே எழுந்து வருகிறது. கீழ் ஓரம் ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் தொங்குகிறது. ஆனாலும் எங்கேயும் தையல் விட்டுப்போகவில்லை. முதல் சட்டைக்கு இது அதிகம்தான்.

கொட்டகையில் பெல்ட்டில் ஓடி வரும் ஆப்பிளில் அடிபட்டதை மட்டும் பொறுக்கிப் போடும் வேலை எனக்கு. கண்ணை எடுக்க முடியாது, ஒன்றையும் யோசிக்க முடியாது. அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பச்சை கர்ட்டின் இரவு உடுப்பில் மிஞ்சியது. உனக்குத் தெரிந்திருக்காது, உனக்குப் பச்சை என்றால் பச்சைதான். அந்த அலமாரியில் இருப்பது எல்லாமே அவனுக்குத் தைத்ததில் மிஞ்சியது. அதை அப்படியே விட்டுவிடு. தைக்க ஆசையாக இருந்தால் டுலூத்தில் துண்டுத்துணிக் கடை இருக்கிறது, புதிதாக வாங்கிக்கொள்.

அறுவடை என்றைக்கு முடியும் என்று இங்கே யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. வான்கோழியை இப்போதே சொல்லி வைக்க வேண்டாம். வெர்னாவின் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடு.

உன்
மார்லிஸ்


டூ ஹார்பர்ஸ்
5 நவம்பர் 1978

அன்புள்ள மார்லிஸ்,

பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டேன். அடுத்த நாளே அது நிரம்பித் திரும்பி வந்துவிட்டது.

வீட்டில் துணி மூட்டையாகக் கிடக்க, கடைக்குப் போய் வாங்கு என்கிறாய். நீயா சொல்வது? உள்ளங்கை அகலத் துண்டைக்கூடத் தூக்கிப் போடாதவள் ஆயிற்றே. கர்ட்டின் துணி என்று நீ எழுதிய பிறகு எனக்கு அவை இன்னும் பிடித்துப்போயின. யாருக்கும் ஆகாமல் இருட்டில் மடிந்து கிடப்பதைவிட, நீ உடுத்தினால் அவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் படுகிறது.

முழுப் பழுப்பில் ஒன்று போன வாரம் அனுப்பினேன். கிடைத்ததா இல்லையா என்று ஒரு வரிகூட இல்லை. இன்று மஞ்சள். அலமாரியில் இருந்ததிலேயே நல்ல துணி அதுதான், புத்தம் புதிது. அகலம்தான் போதவில்லை. அளவுத்தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டேன், அச்சாக அடங்கிவிட்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு ஒரு காபி போட்டுக் குடித்தேன். கையை இந்தத் தடவை சரியாக வைத்திருக்கிறேன். வேண்டுமானால் இரண்டு கையையும் தூக்கிப் பார்.

ஏரிக் காற்று தொடங்கிவிட்டது. சீசனின் கடைசிக் கப்பல்கள் வந்து போய்க்கொண்டிருக்கின்றன. வான்கோழி சொல்லவில்லை. ஆனால் நீ வருகிறேன் என்று சொன்னால் அன்றைக்கே போய்த் தூக்கிக்கொண்டு வருவேன்.

உன்
ஆர்விட்


யாக்கிமா
3 டிசம்பர் 1978

அன்புள்ள ஆர்விட்,

தேங்க்ஸ்கிவிங்குக்கு வர முடியவில்லை. வெர்னா வீட்டில் சாப்பிட்டிருப்பாய் என்று நினைக்கிறேன்.

இரண்டு சட்டையும் வந்தன. பழுப்பு நன்றாக இருக்கிறது. மஞ்சள் எனக்கு ரொம்பக் கச்சிதம். போன ஞாயிறு சர்ச் விருந்துக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். யார் தைத்தது என்று கேட்டவர்களிடம் என் கணவர் என்று சொன்னேன். நம்பவே மாட்டேன் என்றார்கள். ரொம்ப நன்றி.

குளிர்கிடங்கில் இருக்கிற ஆப்பிள் வசந்தகாலம்வரை கொட்டகைக்கு வந்துகொண்டேயிருக்குமாம். என்னையும் இருக்கச் சொல்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்காதே. குழாய் உறைந்து போகாமல் பார்த்துக்கொள், கையுறை இல்லாமல் வேலைக்குப் போகாதே.

மார்லிஸ்


டூ ஹார்பர்ஸ்
7 ஜனவரி 1979

அன்புள்ள மார்லிஸ்,

புது வருஷ வாழ்த்துகள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மஞ்சள் உனக்குக் கச்சிதம் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே துணியில் மிச்சம் இருந்தது. ஜோடியாக எனக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று வெட்டினேன். பின்பக்கத்துக்குப் போதவில்லை, அதற்கு என் பழைய சாம்பல் சட்டையைக் கிழித்தேன். தைத்து முடித்துத் தலையில் மாட்டினேன். புருவத்தோடு நின்றுவிட்டது. கீழேயும் வரவில்லை, மேலேயும் கழலவில்லை. இரண்டு கையும் மேலே மாட்டிக்கொண்ட கோலத்தில், கண் தெரியாமல், பனியில் காலால் தடவித் தடவிப் போய் வெர்னா வீட்டுக் கதவை உதைத்தேன். "அசையாத, காது போயிடும்" என்று சொல்லிக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் என்னை வெளியே எடுத்தாள். சிரித்துச் சிரித்து நாற்காலியிலேயே சரிந்துவிட்டாள்.

அப்புறம் துணியை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தாள். "பனியன் துணி குறுக்கால இழுபடும், நெடுக்கால இழுபடாது. தாளத் திருப்பிப் போட்டுட்டே, அதான் கழுத்து விரியல. இதுல ஒரு குழந்தையோட தல கூட நுழையாது" என்றாள். உனக்கு அனுப்பியதும் இப்படி வெட்டியதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது உனக்குக் கச்சிதம் என்று நீ எழுதியதை முன்பே அவளிடம் படித்துக் காட்டியிருந்தேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.

மார்லிஸ், அந்தச் சட்டையை நீ போட்டிருக்க முடியாது. யாராலும் முடியாது. நான் கோபமாக எழுதவில்லை. உனக்கு அங்கே வேறு யாராவது இருக்கிறார்களோ என்றுகூட ஒரு ராத்திரி யோசித்தேன். பொட்டலத்தைப் பிரித்தாயா, அதை மட்டும் சொல்.

ஆர்விட்


யாக்கிமா
21 ஜனவரி 1979

ஆர்விட்,

பிரிக்கவில்லை. பழுப்பையும் பிரிக்கவில்லை. இரண்டும் டொலோரஸின் துணி அலமாரியில் மேல்தட்டில் கிடக்கின்றன. உன் மனம் நோகக் கூடாது என்று பொய் எழுதினேன், நன்றாக மாட்டிக்கொண்டேன். வேறு யாரும் இல்லை. எனக்கு அதற்கெல்லாம் தெம்பு ஏது?

மஞ்சள் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பொட்டலத்தை என்னால் தொட முடியவில்லை. டொலோரஸ்தான் எடுத்து மேலே வைத்தாள். அது கர்ட்டின் பிறந்தநாள் சட்டைக்கு வாங்கிய துணி. பள்ளிக்கூட பஸ் நிறத்தில் வேண்டும் என்று அவனே கடையில் காட்டினான். அடுத்த வருஷமும் இதே நிறம்தான் என்றான், அதனால் கூடுதலாகவே வாங்கினேன். தைத்து முடித்து மடித்து வைத்திருந்தபோதுதான் அந்த மூளைக்காய்ச்சல் வந்தது. ஒரு தடவைகூட அவன் அதைப் போடவில்லை. அதைப் போட்டுத்தான் அவனை அனுப்பினேன்.

உனக்கு அது தெரியாது. நீ அன்றைக்கு அவனைக் கிடத்தியிருந்த அறை வாசலிலேயே தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பெட்டியை மூடிய பிறகுதான் உள்ளே வந்தாய். உன்னால் முடியவில்லை, அதற்காக உன்னை நான் குறை சொல்லவில்லை. என்னாலும்தான் முடியவில்லை, ஆனால் யாராவது ஒருவர் அவன் கையைச் சட்டைக்குள் விட வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். அவன் எப்படி இருந்தான், என்ன உடுத்தியிருந்தான், ஏதாவது ஒன்று. தினமும் சாப்பாட்டு மேஜையில் உனக்கு எதிரே உட்கார்ந்து காத்திருந்தேன். நீ ஏரியைப் பற்றிப் பேசினாய், கப்பலைப் பற்றிப் பேசினாய். ஆகஸ்டில் ஆப்பிள் அறுவடையைச் சாக்காகச் சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

நான் திரும்பி வரமாட்டேன், ஆர்விட். இதைச் சொல்லப் பயந்துதான் ஒவ்வொரு பண்டிகையாகத் தள்ளிப் போட்டேன். நீ நல்லவன். நீ தைத்த அந்தப் பச்சைச் சட்டையில் ஒரு தையல்கூட விடவில்லை. ஆனால் என் பிள்ளையின் துணியை உடுத்திக்கொண்டு என்னால் சிரிக்க முடியாது. அந்த வீட்டில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசவும் இனி முடியாது.

மார்லிஸ்


டூ ஹார்பர்ஸ்
11 பிப்ரவரி 1979

அன்புள்ள மார்லிஸ்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வானிலையில்தான் போய் முடிந்தது. கிழித்துப் போட்டேன்.

வா என்று இனி எழுத மாட்டேன். உன் குளிர்கால உடைகளையும் சூப் பாத்திரத்தையும் கட்டி அனுப்புகிறேன். வேறு எது வேண்டுமானாலும் எழுது. அலமாரியைச் சாத்திவிட்டேன்.

அன்றைக்கு ஏன் உள்ளே வரவில்லை என்றால், பயம். பார்த்துவிட்டால் அதற்கப்புறம் அந்த முகம் மட்டும்தான் எனக்கு மிஞ்சும் என்று பயந்தேன். பனியில் சறுக்குக் கட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிற முகம் போய்விடும் என்று பயந்தேன். நான் பார்க்காமல் இருந்தால் உனக்கும் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று எப்படியோ நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் உன் தலையில் போட்டிருக்கிறேன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கேட்க எனக்கு இப்போது உரிமை உண்டா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நான் கடைசியாக அவனைப் பார்த்தது ஆஸ்பத்திரிப் போர்வைக்குள். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். சட்டை அவனுக்குச் சரியாக இருந்ததா? கை மணிக்கட்டுவரை எட்டியதா? அவனுக்குக் கை குட்டையாக இருந்தால் பிடிக்காதே, இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருப்பானே.

எழுத முடியவில்லை என்றால் விட்டுவிடு.

ஆர்விட்


யாக்கிமா
25 பிப்ரவரி 1979

அன்புள்ள ஆர்விட்,

கை குட்டையாக இல்லை. நீளம். விரல் நுனிவரை வந்தது. வளரும் பிள்ளை ஆயிற்றே என்று எப்போதும் போல இரண்டு அங்குலம் கூட்டித்தான் வெட்டியிருந்தேன். ஒரு மடிப்பு மடித்துவிட்டேன்.

மஞ்சள் அவனுக்கு நன்றாக இருந்தது. முகத்தில் வலி எதுவும் இல்லை. நீ பயந்த மாதிரி இல்லை, தூங்குகிற முகம்தான். முடியைப் பதற்றத்தில் வலது பக்கமாகச் சீவிவிட்டேன். பிறகு ஞாபகம் வந்து இடது பக்கம் மாற்றினேன். காலுக்கு நீ வாங்கிக் கொடுத்த கம்பளி உறையைப் போட்டேன். ஷூ போடவில்லை. கிளம்பும்போது காலரே இல்லாத சட்டைக்குக் காலரைச் சரிசெய்வதுபோலக் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றேன். பெட்டியை மூட வந்தவர்கள் என் கையை எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவுதான். இதை டொலோரஸிடம்கூட நான் சொன்னதில்லை.

போன வருஷம் நீ இதைக் கேட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். இப்போது கேட்டுவிட்டாய். வருகிறேன் என்று எழுத ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன், இரண்டு தடவையும் கிழித்துப் போட்டேன். அது உண்மையாக வரவில்லை. இனி உனக்குப் பொய் எழுத எனக்கு விருப்பம் இல்லை.

அவனைப் பற்றி இன்னும் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் கேள். எப்போது கேட்டாலும் எழுதுவேன்.

இப்படிக்கு,
கர்ட்டின் அம்மா