மாப்பிள்ளையின் லேப்டாப்

பிரசாத்,

கோயிலுக்குப் போகிறேன். மாப்பிள்ளை சாயங்காலம் தன் லேப்டாப்பைத் திரும்ப வாங்க வருகிறார். கீபோர்டைச் சரிபார்க்கத்தான் தந்தார். நீ கேட்காமலே பிராசஸரைக் கழற்றி வேகமான வேறொன்றைப் போட்டுவிட்டாய். இப்போது அடிப்பக்கம் தோசைக்கல்லாகச் சுடுகிறது. "அவருக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றாய். நம் வீட்டில் அந்தப் பேச்சு கிடையாது. பழையதையே மாட்டு. முடியாவிட்டால் நீயே அவரிடம் சொல். நான் பக்கத்தில் இருப்பேன்.

அம்மா மரியாதைக்காக அதைப் பட்டுத் திண்டின்மேல் வைத்திருந்தாள். காற்றுத் துளை அடைபட்டுத் தானாக அணைந்துவிட்டது. இரண்டு மணைப் பலகைகளை இடைவெளி விட்டுப் போட்டு, மேலே வைத்திருக்கிறேன்.

கொடுப்பதற்கு முன் உன் மடியில் வைத்துப் பார். சுட்டால் அது உன் அக்கா வீட்டுக்குப் போகக் கூடாது.

அப்பா

காலையில் லேப்டாப் சுட்ட கொப்புளத்தை மறைத்துக்கொண்டு சாப்பிட்டாய். களிம்பு உன் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.