உன் விரல்கள் நின்ற இடம்

தம்பி,

பக்கத்து வீட்டில் யாரோ தெர்மோகோல் அறுக்கிறார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஏதோ அலங்காரமாம். பிளேடு உள்ளே இறங்கும்போது எழும் அந்தக் கீச்சொலி சுவரைத் தாண்டி அடுப்படிவரை வந்தது. அரிசியை உலையில் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். நம் மாடியிலிருந்து இந்தச் சத்தம் வந்த காலத்தில் எனக்குப் பல் கூசும். கீழேயிருந்தே உன்னைத் திட்டுவேன். இன்றைக்கு அது நின்றுவிடக் கூடாதே என்றிருந்தது.

நீ தெர்மோகோலில் செய்த முதல் பொம்மை விமானம் காணாமல் போன சாயங்காலத்தைத்தான் முதலில் நினைத்துக்கொண்டேன். நீ அச்சாபீஸில் எலக்ட்ரீஷியன், நான் அதே கம்பெனியில் லேபிள் வெட்டும் பிரிவு. லீவு நாளில் வெம்பக்கோட்டை அணைக்குப் பின்னால் வறண்டு கிடக்கும் தரைக்குப் போவோம். விமானத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி எறிவது என் வேலை, ரிமோட் உன் கையில். கிழக்கே பட்டாசுக் கம்பெனி ஷெட்டுகள். அந்தப் பக்கம் மட்டும் அதை நீ விடவே மாட்டாய்.

அன்றைக்கு அது உன் பேச்சைக் கேட்கவில்லை. சிக்னல் அறுந்துவிட்டது. திரும்பவுமில்லை, விழவுமில்லை. தெரிந்த வீட்டுக்குப் போகிறதுபோல ஷெட்டுகளுக்கு மேலே நேராகப் போய், சின்னதாகி, மறைந்தது. தீப்பிடிக்கக்கூடிய பேட்டரி அதன் வயிற்றில். சீசன் நேரம், உள்ளே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கேட்டாகப் போய்ச் சொன்னோம். அவர்களும் தேடினார்கள். கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நீ கிழக்கே காது கொடுத்து நின்றாய்.

“ஒரு சத்தமும் கேக்கலயேலே. வா, போவோம்” என்றேன்.

“கேக்காம இருக்கதுதாங்க்கா பயமா இருக்கு” என்றாய்.

அது எங்கே இறங்கியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அடுத்த விமானத்தின் இறக்கையை நீ வேறு மாதிரி செய்தாய். பழையதில் இறக்கைகளின் பின்னோரத்துப் பட்டைகள் இரண்டையும் நடுவிலிருந்த ஒரே மோட்டார் அசைக்கும்; ஒன்று மேலே போனால் மற்றது கீழே வரும். இதில் அந்த முறையை விட்டுவிட்டு, இறக்கைக்கு ஒன்றாகச் சின்ன மோட்டார் பதித்து, தனித்தனிக் கம்பி கொடுத்தாய். இப்போது இரண்டு பட்டைகளும் ஒன்றாகவும் எழும். அப்படி எழுந்தால் காற்று விமானத்தைத் தாங்காது, அது மெதுவாகத் தரையிறங்கும் என்று விளக்கினாய். பலநாள் மாடியில் தனியாக உட்கார்ந்து என்னென்னவோ செய்தாய். எனக்கும் ஓட்டப் பழக்கிவிட்டு, ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய்: பறந்து முடிந்ததும் முதலில் பேட்டரியைக் கழற்று, அப்புறம் ரிமோட்டை அமர்த்து. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஏழாயிரம்பண்ணை ரோட்டில், நீ வேலை முடிந்து வரும்போது, அந்த லாரி.

காரியமெல்லாம் முடிந்து வீடு அமைதியான ஒரு சாயங்காலம் மாடிக்குப் போய் உன் விமானத்தை எடுத்துத் துடைத்தேன். ஓடுகிறதா பார்ப்போமே என்று பேட்டரியை மாட்டினேன். எல்லாம் சரியாக அசைந்தது. யோசனையில்லாமல் முதலில் ரிமோட்டை அமர்த்திவிட்டேன். உடனே இரண்டு பட்டைகளும் ஒன்றாக எழுந்து நின்றன. இடது பக்கம் மட்டும் ஒரு நூல் உயரம் அதிகம். ரிமோட் செத்துக் கிடக்கிறது, நான் எதையும் தொடவில்லை. இடது பட்டையை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். மோட்டார் முனகிக்கொண்டே என் விரலை எதிர்த்துத் தள்ளியது. பேட்டரிக் கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கீழே வந்து, எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஆனாலும் ஆடி கழியும் முன் அதை எடுத்துக்கொண்டு அணைக்குப் போனேன். காற்று ஓய்ந்திருந்தது. நானே ஓடி, நானே எறிந்து, நானே ஓட்டினேன். நன்றாகத்தான் பறந்தது. திடீரென்று மேற்கிலிருந்து காற்று கிளம்பி அதைக் கிழக்கே அள்ளிக்கொண்டு போனது. திருப்பப் பார்த்தேன், ரிமோட் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. சிக்னல் இல்லை. கம்பெனி வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் தூக்குவாளியோடு வேனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்போது பட்டைகள் எழுந்தன. முன்னால் சுழலும் விசிறியின் சத்தம் நின்றது. இடது பக்கம் சாய்ந்து, வட்டம் போட்டு, அவசரமே இல்லாமல் வேலிக்கு இந்தப் பக்கம் கரிசல் மண்ணில் வந்து உட்கார்ந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் வாட்ச்மேன் அதனருகே நின்றுகொண்டிருந்தார். “நல்லா எறக்குனீக தாயி. யார்கிட்டப் படிச்சீக?” என்றார்.

“நான் எறக்கலய்யா” என்றேன்.

அவர் என் தோளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். யாருமில்லாத தரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டுக்குள் போய்விட்டார்.

அங்கிருந்தே, நீ சாமான் வாங்கும் மதுரைக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். சிக்னல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விமானத்துக்குள் சிக்னல் வாங்கும் ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாமாம். அதற்கு, ரிமோட்டின் குச்சிகளை வேண்டிய நிலையில் பிடித்துக்கொண்டு ரிசீவரில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நொடியில் குச்சிகள் எங்கே நின்றனவோ, அந்த நிலை அப்படியே உள்ளே தங்கிவிடும்.

“அது உங்க தம்பி விரல் நின்ன எடம்க்கா” என்றார். “இனி ஓட்டப்போறது நீங்க. உங்க கைக்குத் தக்கன ஒருவாட்டி புதுசா வச்சிருங்க. ஒரு அழுத்து, அம்புட்டுதான். பழசு அழிஞ்சிரும்.”

சரி என்று போனை வைத்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்தேன். மிளகைவிடச் சிறியது. அதன்மேல் டேப்பை இரண்டாக மடித்து ஒட்டிவிட்டேன், கை தவறிக்கூடப் பட்டுவிடக் கூடாது என்று.

உன் அக்கா