எச்சில் டியூபுக்குச் சொன்ன ஊர்

அன்பு மகள் ஏஞ்சலுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை. நீ சுகமா என்று கேட்டால் போனில் எப்போதும் ஒரே பதில்தான் சொல்கிறாய், அதனால் நான் அதை முழுசாக நம்புவதில்லை. அந்தக் குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, ராத்திரியில் சோறு சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. சின்ன காஞ்சிபுரத்தில் உன் அண்ணன் சத்யராஜின் வாடகை வீட்டு மாடியிலிருந்து இதைப் போனில் பேச முடியாது, கீழே இருக்கிற வீட்டுக்காரம்மா துளசிக்குக் காது ரொம்பக் கூர்மை. வாட்ஸ்அப்பை யார் யார் படிக்கிறார்களோ, அதுவும் வேண்டாம். வாலாஜாபாத் போய்த் தபாலில் போடப்போகிறேன், இங்கே போட்டால் எந்த நாட்டுக்கு, யாருக்கு என்று விசாரிப்பார்கள்.

நீ ஜெர்மனியில் மனுஷர்களின் மரபணுவைப் பார்த்து எந்தக் கூட்டம் எங்கிருந்து பிரிந்தது என்று ஆராய்ச்சி செய்கிறாய், எனக்குப் பெருமைதான். அதற்காக நீ அனுப்பிய கலைவாணன் போன வருஷம் அண்ணன் வீட்டுக்கு எச்சில் பிடிக்க வந்தார் இல்லையா. காபிகூடக் குடிக்கக் கூடாது என்று எங்களை உட்காரவைத்து டியூபில் துப்பச் சொன்னார், துப்பினோம், துப்புவதற்கென்ன. பிறகு டேப்லெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் என்ன ஜாதி, தாத்தா எந்த ஊர், பாட்டி எந்த ஊர் என்று கேட்க ஆரம்பித்தார். பேரே இருக்காது சார், வெறும் நம்பர்தான் என்றார். ரேஷன் கார்டிலும் நம்பர்தான் இருக்கிறது, அதற்காக ஆள் யாரென்று தெரியாமலா போகிறது? இந்த ஊரில் ஒருவன் என் தாத்தா எந்தத் தெரு என்று கேட்டால் அவன் தாத்தாவையா விசாரிக்கிறான்? அந்த நேரம் பார்த்துத் துளசியம்மா வடகம் எடுக்கிற சாக்கில் படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

நான்தான் முதல் ஆள். வீடு கேட்கப் போகும்போது என்ன சொல்வோமோ அதையே சொன்னேன். நம் சொந்த ஊர் மாகறல் காலனி என்று வாயில் வரவில்லை, வாலாஜாபாத் கடைத்தெரு என்று வந்தது, ஜாதியும் அண்ணன் இந்த வீட்டுக்குச் சொல்லிவைத்திருப்பதுதான். எனக்குப் பின்னால் உன் அண்ணி சங்கீதா, சித்தப்பா ராமராஜன், பக்கத்துத் தெருக்களில் குடியிருக்கிற நம் ஆட்கள் அத்தனை பேரும் அவரவர் வீட்டுக்காரருக்குச் சொன்ன பதிலையே சொன்னார்கள். யாரும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லையம்மா. எத்தனையோ வாசலில் நின்று சொல்லிப் பழகிய பதில், கேள்வி வந்ததும் தானாக வந்துவிட்டது.

இப்போது நீ போனில், காஞ்சிபுரம் லிஸ்ட்ல நம்ம ஜாதின்னு ஒருத்தர்கூட இல்லையேப்பா, அங்க கொடுத்தவங்க சொன்ன ஜாதியும் அவங்க மரபணுவும் ஒத்துப்போகலை, கலைவாணன் டியூபை மாத்திட்டாருன்னு ப்ரொஃபசர் எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்றார், என் வேலையும் போச்சு அவர் வேலையும் போச்சு என்று அழுகிறாய். கலைவாணன் எதையும் மாற்றவில்லை. டியூப் சரி, நாங்கள் சொன்னதுதான் பொய். ஆனால் உன்மேலும் எனக்குச் சந்தேகம். இவ்வளவு படித்தவளுக்கு, எங்களோடு இப்படி வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவளுக்கு இது தோன்றாமலா இருக்கும்? தெரிந்துகொண்டே, அப்பா வாயால் வரட்டும் என்று காத்திருக்கிறாயோ?

உன் அழுகை தாங்காமல் ராமராஜனிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். நெஜத்தைச் சொல்லிட்டு நாளைக்கு வூட்டுச் சாமானை எந்த ரோட்டுல இறக்குறது, உன் பொண்ணு அங்க இன்னா சொல்லிக்கினு இருக்குது, மொதல்ல அதைக் கேளுபா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். கோபத்தோடுதான் திரும்பி வந்தேன், ஆனால் வழியெல்லாம் ஒன்று ஞாபகம் வந்தது. அங்கே தமிழர்கள் பொங்கல் வைத்தபோது நீ வீடியோவில் காட்டினாயே, ஒரு அம்மா வந்து காஞ்சிபுரமா, அப்போ உங்க வீட்டுல தறி இருக்குமே என்று கேட்டதும் நீ சிரித்துக்கொண்டே தலையாட்டினாய். நம் வீட்டில் ஏதம்மா தறி? உன் அப்பன் பைக் மெக்கானிக். அன்றைக்கே எனக்கு மனசு வலித்தது.

நீயும் உன் எச்சிலை அங்கே கொடுத்ததாகச் சொன்னாய். அப்போது என்ன ஊர், என்ன ஜாதி சொன்னாய்? எனக்கு அது தெரியவேண்டும். நிஜத்தைச் சொல்லியிருந்தால் நான் வீடு வீடாகப் போய் எல்லோரையும் சம்மதிக்கவைக்கிறேன், கலைவாணன் மாகறலில் நம் சர்ச்சுக்கு வரட்டும், துளசியம்மா காது எட்டாத இடத்தில் திருத்திச் சொல்கிறோம். சொல்லவில்லை என்றால் எங்களைத் திருத்தச் சொல்லாதே, நீயே முதலில் திருத்து.

வேளைக்குச் சாப்பிடு, அழாதே, உடம்பைப் பார்த்துக்கொள். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கவரின் பின்னால் வாலாஜாபாத் கடைத்தெரு என்று எழுதியிருப்பேன், அதை நம்பி அங்கே பதில் போடாதே. மாகறலில் இருக்கிற உன் அத்தை வீட்டுக்குப் போடு. முகவரியில் மாகறல் காலனி என்று உன் கையாலேயே எழுது.

உன் அப்பா,
ராஜவேலு