நொச்சிக் குச்சி நின்ற தண்ணீர்

பழனிசெட்டிபட்டி,
நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் வேல்விழிக்கு,

அப்பா எழுதுவது. கால்கரியில் பனி தொடங்கிவிட்டதை மாப்பிள்ளை அனுப்பிய படத்தில் பார்த்தோம். நீங்கள் இருவரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடுகிறோம், மூன்று வேளை சாப்பிடுகிறோம், அந்த வகையில் குறை இல்லை. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருப்பாள், எனக்கும் பேச்சில் வரிசை தவறிவிடும், ஆகவே கடிதம். எதுவும் விட்டுப்போகாமல் இருக்க, எழுதப்போவதை முதலில் எண் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

1. உன் அம்மாவின் கண்.
2. தெருவில் வைப்பதற்கான நொச்சி நாற்று, அதன் நிலவரம்.
3. நொச்சிக் குச்சி ஊறும் தண்ணீரில் கொசு முட்டையிடாது என்பதும் அதற்கான காரணங்களும்.
4. எதிர்வீட்டு யுவராணியின் காய்ச்சல்.
5. உனக்குச் சொல்ல வேண்டிய சில.

முதலாவது. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து ஆறு வாரம் முடிந்துவிட்டது. மதுரையில் முடித்துக்கொண்டு சின்னமனூரில் உன் சித்தி வீட்டில் பத்து நாள் தங்கி, அக்டோபர் 3ஆம் தேதி வீட்டுக்கு வந்தோம். இப்போது சொட்டு மருந்து ஒரு வேளைதான். பார்வை நன்றாகத் திரும்பிவிட்டது, அதில் எனக்குத்தான் சங்கடம். "காலர்ல இம்புட்டு அழுக்கு இருக்கு, இத்தனை நாளு இதையா போட்டுக்கிட்டு அலைஞ்சீக" என்கிறாள். சமையலறை மூலையில் ஒட்டடை இருப்பதை இப்போதுதான் கண்டுபிடித்து, நாற்காலி போட்டு ஏறப் பார்த்தாள், நான் தடுத்தேன். மாடிப்படியும் ஏறக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பது கீழே வரும்.

இரண்டாவது. ஜூன் மாதம் நம் தெரு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கொசுத் தொல்லை பற்றிப் பேச்சு வந்தது. கூட்டத்தில் எழுந்து பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். அன்று எழுந்தேன். காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, நொச்சியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். வேலியாக வைத்தால் ஆடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, தலைபாரத்துக்கு ஆவி பிடிக்கலாம், இலையைக் காயவைத்துப் புகை போட்டால் கொசு ஓடும், துளசியும் தேக்கும் நொச்சியும் ஒரே குடும்பம், மேகமலைச் சரிவில் நிற்கிற மயிலடி மரம்கூட நொச்சியின் இனம்தான் என்றெல்லாம் சொன்னேன். கடைசியில், நொச்சி நிற்கிற தெருவில் கொசு நிற்காது என்று முடித்தேன். கைதட்டினார்கள். புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன், எனக்கு யாரும் கைதட்டியது இல்லை. தெருவுக்கு அறுபது நாற்று தயார் செய்கிற பொறுப்பை அப்போதே என்னிடம் கொடுத்துவிட்டார்கள். வீரபாண்டி ஆற்றோரத்தில் போய் ஒரு சாண் நீளக் குச்சிகளாக வெட்டி வந்தேன். முதல் தடவை பத்தொன்பது தேறியது, அதைச் சாக்கடை ஓரத்தில் நட்டாகிவிட்டது, இப்போது நன்றாகத் துளிர்த்து நிற்கிறது. மீதி நாற்பத்தொன்றுக்கு ஆகஸ்டு கடைசியில் மறுபடியும் குச்சி வெட்டினேன். "நொச்சிக்குப் போயி என்ன ஆராய்ச்சி, மண்ணுல குத்துனா தன்னால வரும்" என்று அம்மா அப்போதே சொன்னாள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளே வேர் விட்டதா இல்லையா என்று தெரியாமல் நட்டுவிட்டு, நாளைக்குப் பட்டுப்போனால் ஆளாளுக்கு என்ன சொல்வார்கள். வேரைக் கண்ணால் பார்த்த பிறகே நடுவது என்று முடிவு செய்து, கழுத்தை வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, பாட்டிலுக்கு ஒரு குச்சியாக நம் மொட்டைமாடியில் நிழல் பக்கம் வரிசையாக வைத்தேன். பாட்டில் கொடுத்தது யுவராணிதான். போடியில் அவள் வேலை பார்க்கிற ஏலக்காய்க் கம்பெனியில் குப்பையில் போடுவதை இரண்டு சாக்கில் கட்டிக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டி, நோட்டில் தேதி போட்டு எழுதுவதைப் பார்த்துவிட்டு, "என்ன பெரியப்பா, குச்சிக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்கிறீக, ஏழாம் நம்பர் இன்னைக்கு லீவா" என்று கேட்டுச் சிரித்தாள்.

மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி வந்தேன். நோட்டில் இருக்கிறது. செப்டம்பர் 21 வரை ஒழுங்காக இருக்கிறது. மறுநாள் அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போனேன். அதற்கப்புறம் அக்டோபர் 3 வரை பக்கம் வெறுமையாக இருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் பாதிக்கு மேல் வெள்ளை நூல் மாதிரி வேர். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கவிழ்த்தால் வேர் அறுந்துவிடும் என்று பயந்து, அன்றிலிருந்து தண்ணீரை மாற்றாமல், குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்பி வருகிறேன். இன்னும் கொஞ்சம் தடிக்கட்டும், இன்னும் ஒரு வாரம் என்று நடுவதையும் தள்ளிப்போட்டேன்.

மூன்றாவது. இப்படி வைத்த தண்ணீரில் கொசு வருமா என்று நீ கேட்பாய். வராது என்பதற்கு என் காரணங்கள் மூன்று. நொச்சியின் நெடி கொசுவுக்கு ஆகாது. குச்சி ஊறினால் அதன் சாறு தண்ணீரில் இறங்கும். ஆகாத நெடி உள்ள தண்ணீரில் கொசு முட்டையிடாது. எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன், ஒன்றிலிருந்து ஒன்று ஒழுங்காகத்தான் வருகிறது. பிறகு ஏன் நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை என்று தெரியவில்லை. இதை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து வாசல் வரை போய், எதிர்வீட்டுக்கு யாராவது திரும்பி வந்து செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

நான்காவது. யுவராணி இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. போன செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது, வியாழக்கிழமை இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அவள் கணவன் திலீபன் வேன் ஓட்டுவதை நிறுத்திவிட்டு அங்கேயே கிடக்கிறான். இரத்தத் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கி, நேற்று முப்பத்தெட்டாயிரம். வயிற்றில் பிள்ளைக்குத் துடிப்பு இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்று மருத்துவர்கள் சொன்னதாக அவள் மாமியார் கருத்தம்மாள் சொன்னாள். நான் தினமும் காலையும் மாலையும் அந்த வாசலில் நின்று, இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு வருகிறேன். நம் தெருவில் வேறு யாருக்கும் இல்லை. ஒரு வீட்டில் வந்ததை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது, இரண்டு விஷயம் அடுத்தடுத்து நடந்தால் ஒன்றால்தான் மற்றது என்று ஆகிவிடாது. இதை அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. கொசு ஒழிப்புப் பணியாளர் நாகஜோதி என்று ஒரு பெண், டார்ச்சும் கரண்டியுமாக வீடு வீடாக வருவாள். அக்டோபர் 13ஆம் தேதி வந்து, "மேல டேங்க் மூடியிருக்கா சார்" என்று கேட்டாள். மூடியிருக்கிறது என்றேன். அது உண்மை. அவள் டேங்கை மட்டும்தான் கேட்டாள், நானும் டேங்கை மட்டும் சொன்னேன். யுவராணியைச் சேர்த்த மறுநாள் மறுபடி வந்தாள். "கேஸ் வந்த தெரு சார், மாடியப் பார்த்தே ஆகணும், மேலிடத்துல கேப்பாக" என்றாள். மாடிக் கதவுச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. சாவி காணவில்லை, தேடி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் கைதட்டியவர்கள் முகம்தான் அப்போது ஞாபகம் வந்தது. என் வாழ்நாளில் நான் பெரிய பொய் சொன்னவன் இல்லை, அதனால்தானோ என்னவோ அவளும் நம்பிப் போய்விட்டாள். இதைத் தபாலில்தான் போடப் போகிறேன், உனக்குக் கிடைக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், அதற்குள் யுவராணி நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிடுவாள். ஐந்தாவதை நாளைக்கு எழுதுகிறேன், கை ஓடவில்லை.

புதன்கிழமை, காலை பதினொரு மணி.

காலையில் எழுந்ததும் மாடிக்குப் போனேன். பாட்டில் வரிசைக்கு முன்னால் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தேன், குனிந்து பார்க்கத்தான் துணிவு வரவில்லை. கதவைத் திறந்தே விட்டுவிட்டேன் போலிருக்கிறது, அம்மா பின்னாலேயே ஏறி வந்துவிட்டாள். ஏறக் கூடாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள், பன்னிரண்டாம் எண் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துவிட்டாள். "என்னங்க இது, தண்ணிக்குள்ள கமா கமாவா நெளியுது" என்றாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வேர்களுக்கு நடுவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. அவற்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன் வேல்விழி. வேர்த்துணுக்கு உதிர்ந்து மிதக்கிறது என்று நினைத்தேன், நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நினைத்தேனா, நினைத்துக்கொள்ளப் பிரியப்பட்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அம்மா என்னையும் பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அந்தப் பிள்ளை அங்கன கிடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

நானே நாகஜோதியைப் போனில் கூப்பிட்டேன். அரை மணியில் வந்துவிட்டாள். கரண்டியில் மொண்டு பார்த்துக்கொண்டே போனாள், நான் நோட்டில் குறித்தேன், பழக்கம் விடவில்லை. நாற்பத்தொன்றில் முப்பத்துமூன்றில் கொசுப்புழு இருந்தது. "இதை மேல வச்சுக்கிட்டா சார் சாவி இல்லைன்னீக" என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருக்கலாம். நொச்சி ஊறின தண்ணீராயிற்றே என்று நான் முணுமுணுத்ததற்கு, "நொச்சிப் புகைக்குத்தான் சார் கொசு ஓடும், குச்சி ஊறுன தண்ணி அதுக்கு ஒண்ணும் பண்ணாது, நல்ல தண்ணின்னா வந்து உக்காந்துக்கிரும்" என்றாள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். சுடுகிற தரையில் எல்லாத் தண்ணீரையும் கொட்டி, பாட்டில்களை மிதித்து நசுக்கி, யுவராணி கொண்டுவந்த அதே சாக்குகளில் கட்டினோம்.

பிறகு தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனேன். இருபது அடிதான், இரண்டு முறை திரும்பி வந்தேன், மூன்றாம் முறை அம்மா நம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் திரும்ப முடியவில்லை. கருத்தம்மாள் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். பாட்டில், மதுரைப் பயணம், டேங்க், சாவி என்று வரிசையாகச் சொன்னேன். தூக்குவாளியை மூடிவிட்டு, "வேணும்னு செஞ்சீகன்னு நான் சொல்ல மாட்டேண்ணே. ஆனா ஆறு நாளா இந்த வாசல்ல நின்னு எவ்வளவு எவ்வளவுன்னு கேட்டுட்டுப் போனீகளே, அப்ப சாவி பையிலதான் இருந்துச்சா" என்றாள். இருந்தது என்றேன். தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்புறம், "இன்னைக்கு அம்பத்திரண்டாயிரம். ஏறுமுகம்னு டாக்டர் சொல்லியிருக்காக. நாலு மணிக்குப் பார்க்க விடுவாக, நீங்களே வந்து அவகிட்டச் சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன்" என்றாள். நாலு மணிக்குப் போகிறேன். யுவராணி சிரிக்க மாட்டாள், அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

ஐந்தாவது. பனியில் வண்டி ஓட்டும்போது நிதானம் தேவை, மாப்பிள்ளையிடமும் சொல். மாமியாருக்கு வாரம் ஒரு முறையாவது நீயாகப் பேசு. போன மாதம் வீடியோவில் உன் சமையலறை ஜன்னலில் ஒரு கொடியைக் கண்ணாடிப் பாட்டிலில் வைத்திருந்ததைப் பார்த்தேன். அங்கே இப்போது கொசு இருக்காது, எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தத் தண்ணீரை இன்றைக்கே மாற்றிவிடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனதில் மறைக்க ஒன்றும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். அம்மாவும் ஆசி சொல்லச் சொன்னாள், என்னிடம் அவள் காலையிலிருந்து பேசிய முதல் வார்த்தை அதுதான். தபால் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், இந்தப் பக்கங்களைப் படம் எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்பே அனுப்பிவிடுகிறேன். குச்சிகள் வாளியில் தண்ணீர் இல்லாமல் கிடக்கின்றன, சாயங்காலம் வந்து மண்ணில் குத்திவிடுவேன். வந்தால் வரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சு. பாண்டீஸ்வரன்.

மேலே எழுதிய பட்டியலில் மூன்றாவது தவறு. அதை அடித்துவிடப் பேனாவை எடுத்தேன், அடிக்கவில்லை. நேற்று வரை உன் அப்பா அதை நம்பியிருந்தான் என்பது உனக்குத் தெரிய வேண்டும், யுவராணியிடமும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.