அமாவாசைக்கு முந்தின நாள் அழிகிற பெயர்கள்

ஆவணி 12, திங்கள்
காலையிலிருந்து மேற்கே கச்சான் காற்று. சர்வர் அறை ஜன்னலெல்லாம் மண். துடைக்கணும்.

லாட்ஜ் கம்ப்யூட்டரெல்லாம் என் பொறுப்பு; முதலாளி கூப்பிட்டார். போன அமாவாசைக்கு முந்தின நாள், வடநாட்டு யாத்திரை ஏஜென்ட் காலையில் அனுப்பிய மெயில் சாயங்காலம்தான் வந்ததாம். அதற்குள் ரூம் போச்சு. அவர் பஸ் எதிர் லாட்ஜில் நின்றது. “இன்னொரு தடவ இப்பிடின்னா அந்தாளு நம்ம பக்கமே வரமாட்டான்.”

ஆவணி 13, செவ்வாய்
ஸ்பேம் தடுப்பைத் திறந்தேன். புது ஆள் மெயில் அனுப்பினால் ‘அப்புறம் வா’ என்று திருப்பும். மறுபடி வந்தால் பெயர் பட்டியலில் ஏறும், அடுத்த முறை நேரே உள்ளே. வராதவர்கள் பெயர் காலாவதியாகிச் சிவப்பில் நிற்கும்.

காலாவதிக் குப்பை அடைத்திருக்கும் என்று நினைத்தேன். குப்பையே இல்லை. வருஷக்கணக்காக எழுதும் ஏஜென்ட் பெயர்கூட போன அமாவாசைக்கு முந்தின நாள்தான் புதிதாக ஏறியிருக்கிறது. அதற்கு முன் ஏறிய பெயர் ஒன்றுகூட இல்லை.

தானாக நடக்காது. யாரோ அழித்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள்: நான், முதலாளி, ரிசப்ஷன் காளீஸ்வரி. கா.வின் மச்சினன் எதிர் லாட்ஜ் மேனேஜர். ம்ம்.

ஆவணி 15, வியாழன்
கா. போனில், “இங்கன ரூம் இல்ல, எதிர்ல கேட்டுப் பாருங்க.” என்னைப் பார்த்ததும் குரல் இறங்கியது. கா. ஆட்களை எதிர் லாட்ஜுக்கு அனுப்புகிறாள் என்று மட்டும் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மத்தியானமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

போகும்போது, “நான் என்னண்ணே செஞ்சேன்?” எல்லோரும் இப்படித்தான் கேட்பார்கள். சோறு இறங்கவில்லை, ஏனென்று தெரியவில்லை.

ஆவணி 17, சனி
நாளை அமாவாசை. லாட்ஜ் முழுக்கக் கழுவல். தொட்டி, படி, சாமி படம். எங்கும் பினாயில் நெடி.

கா.தான் இல்லையே, பட்டியல் பத்திரம் என்று திறந்தால் மொட்டையாக நிற்கிறது. ரிசப்ஷனுக்கு ஓடினால், ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் முதலாளி.

“ஏலே, பழசு பழசுன்னு செவப்பாக் கெடக்கு. நல்ல நாளுல குப்பைய வச்சிருக்கலாமா? அமாவாசைக்கு அமாவாசை நாந்தான் எல்லாத்தையும் அழிச்சு விடுறது.”

எல்லாத்தையும்! ஏஜென்ட் பெயரைக் கையாலேயே ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் அவர் மெயில் நேரே வந்தது. பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஆவணி 18, ஞாயிறு
கா.வுக்குப் போன். “தப்பு எங்க மேலதாம்மா. முதலாளி வரச் சொல்றாரு.”

“நீங்க சந்தேகப்பட்டது பொய்யாப் போகக் கூடாதுல்லண்ணே. எதிர் லாட்ஜுல சேந்துட்டேன்.”