பூச்சி அரித்த இலை

மதினி, இன்று காலை பூஜையை முடித்து, வீட்டுக்காரருக்கு இட்லியை எடுத்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து பென்சில் சீவினேன். அந்த வாசனை எழும்பியதும் பக்கத்தில் நீங்கள் இருப்பதாகவே நினைத்துத் திரும்பினேன். உங்கள் கோரைப்பாய் சுருட்டியபடியே சுவரில் சாய்ந்திருந்தது.

அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தவர் என்றாலும் எனக்கு நீங்கள் சிநேகிதிதான். அவனியாபுரத்தில் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீடு. எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, போனில் பார்த்துப் பார்த்து நாமாகவே செடி வரையப் பழகினோம். நாள் முழுக்க நாம் உட்காருவது அந்த நேரம் மட்டும்தான். "செடியப் பாத்துப் பாத்தே ரெண்டு பேரும் பசியாறிருவீக போல" என்று அண்ணன் கேலி பண்ணுவார். "ஆமா, நீங்க வந்து சோறு வடிங்க" என்பீர்கள்.

கோலம் போட்டே வளர்ந்த கை என்னுடையது. முதல் துளசியை இடமும் வலமும் இம்மி பிசகாமல் ஒன்றுபோல் வரைந்து நீட்டினேன். சிரித்துவிட்டீர்கள்.

"ஏத்தா, இது செடியா, மார்கழிக் கோலமா? பூச்சி அரிச்ச இலை எங்க?"

"சாமிச் செடி மதினி. கொறையோட போடலாமா?"

"வாடுனத வாடுனதாப் போட்டாத்தான தண்ணி ஊத்தணும்னு தோணும்? நாமளும் அப்படித்தான்."

பால், மளிகை, கேஸ் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைப்பவள் நான். என் முட்டி வலி மட்டும் எந்தக் கணக்கிலும் இருந்ததில்லை. அன்றுதான் உங்களிடம் வாய்விட்டுச் சொன்னேன். மறுநாளே ஷேர் ஆட்டோவில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனீர்கள்.

அப்படிப்பட்ட நீங்கள், மார்பில் இருந்த கட்டியை மறைத்துவிட்டீர்கள். வரையும்போது அக்குளைப் பிடித்துக்கொள்வீர்கள். கேட்டால், "கையூனி உக்காந்தேன், புடிச்சுக்கிருச்சு" என்பீர்கள். மகள் கல்யாணம் முடியட்டும் என்று இருந்திருக்கிறீர்கள். கல்யாணம் முடிந்தபோது நோய் முற்றியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்குச் சொன்னத நான் எனக்குச் சொல்லிக்கிடலத்தா" என்றீர்கள். திருப்பரங்குன்றத்து முருகனிடம் எவ்வளவோ மன்றாடினேன். அவன் சித்தம் வேறாக இருந்தது.

இப்போது எனக்கும் கொஞ்ச நாளாகத் தலை சுற்றுகிறது, மதினி. மாதப்போக்கு நிற்காமல் போகிறது. சஷ்டி விரதம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். இன்று வாசல் துளசியை வரையும்போது, நுனி கருகிய ஓர் இலைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அதைக் கருகியபடியே வரைந்துவிட்டு எழுந்து உள்ளே போனேன்.

"எனக்கு ஒடம்புக்கு முடியலங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "எம்புட்டு நாளா?" என்று கேட்டார். பதில் வருமுன்பே, "இரு, கை கழுவிட்டு வாரேன்" என்று எழுந்துவிட்டார்.

அவ்வளவுதான் மதினி. சொல்வதற்கு அவ்வளவு நேரம்தான் ஆனது. விரதத்தை முடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முருகன் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டான். நீங்களும் ஒரு தரம் சொல்லியிருக்கலாம். அண்ணன் எழுந்து ஓடி வந்திருப்பார்.